சேலத்து வெயிலில் டி-23 கலக்க

கறுப்பு-வெள்ளை பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர்களை வீட்டிலேயே கலக்க, பழைய பார்முலா புத்தகம் கிடைத்ததும் எல்லாரும் டி-76-இல்தான் கை வைப்பார்கள். முதலில் டி-23 கலந்து பாருங்கள். 1944-இல் கோடக்கின் ஹென்னும் கிராப்ட்ரீயும் வெளியிட்டது, ஒரு லிட்டருக்கு இரண்டே பொருள்: மெட்டால் (படத்தை எழுப்பும் மருந்து) 7.5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம். கோடக் குறிப்பில் எலான் என்று இருந்தால் அதுவும் மெட்டால்தான்.

சல்பைட் வேறு, சல்பேட் வேறு, சல்பைடு வேறு. கடையில் கொடுத்த சல்பேட்டை லேபிள் பார்க்காமல் வாங்கிவந்து கலக்கினேன், ஒரு ரோல் முழுக்கப் படமே இல்லாமல் கண்ணாடி மாதிரி வந்தது. ஓரத்தில் பிலிம் கம்பெனியே பதித்து அனுப்பும் பிரேம் நம்பர்கூட இல்லை, அதனால் கேமரா மேல் பழி போட முடியவில்லை. லேபிளில் அன்ஹைட்ரஸ் (நீர் சேராதது) என்று இருக்க வேண்டும். படிகமாக இருந்தால் இரட்டிப்பு, 200 கிராம்.

சமையல் தராசை நம்பி 7.5 கிராம் நிறுக்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் யாராவது பழக்கமென்றால் அங்கேயே பொட்டலமாக நிறுத்துக்கொள்ளலாம், பொடியைத் தட்டில் சிந்தினால் மறுபடி உள்ளே விடமாட்டார்.

போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளையாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். 750 மில்லியை 50 டிகிரிக்குச் சுடவைத்து, ஒரு சிட்டிகை சல்பைட் போடுங்கள் (மெட்டால் காற்றுபட்டுப் பழுப்பாகாமல் இருக்க), அப்புறம் மெட்டால், அது முழுதாகக் கரைந்த பிறகு மிச்ச சல்பைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிக்கொண்டே. வரிசையை மாற்றி சல்பைட்டை முழுதும் முதலில் கொட்டினால் மெட்டால் சரியாகக் கரையாது. கடைசியில் ஒரு லிட்டராக்கி, பழுப்பு பாட்டிலில் கழுத்துவரை நிரப்புங்கள். கையுறை கட்டாயம், மெட்டால் சிலருக்கு அரிப்பெடுக்கும். ரசம் வைக்கும் பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

சரி, நம் ஊரில் நிஜமான தலைவலி சூடு. புத்தகம் 20 டிகிரி என்கும், சித்திரையில் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும். டெவலப்பரை மட்டும் ஐஸ் வைத்து 20-க்கு இறக்கிவிட்டுச் சுடுதண்ணீரில் அலசினால் பிலிமின் மேல்பூச்சு ஊதி நெளியும். நான் டெவலப்பர், பிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), அலசும் தண்ணீர் மூன்றையும் 24-இல் நிறுத்துகிறேன், 20 டிகிரிக்குச் சொன்ன நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கிறேன். அலச மண்பானைத் தண்ணீரோடு ஐஸும் சேர்க்கலாம், துணியில் வடிகட்டிக்கொண்டு. நேரத்துக்கு, உங்கள் பிலிமுக்கு டி-76-இல் சொன்னதை வைத்து ஒரு சோதனை ரோல் ஓட்டுங்கள். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், சித்தி வீட்டில் மார்கழியில் கழுவும்போது எல்லாம் தலைகீழ், டேங்கை வெந்நீர் வாளியில் உட்காரவைத்தேன்.

இது கைவந்தபின் டி-76: மெட்டால் 2, சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2 கிராம், ஒரு லிட்டருக்கு. போராக்ஸ் என்பது நாட்டு மருந்துக்கடை வெங்காரம்தான்; பொரிக்காததைக் கேளுங்கள், பொரித்ததில் நீர் போயிருக்கும், எடைக்கணக்கு மாறிவிடும். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் இதற்கு ஆகாது.