உச்சவரம்பு வந்தால் அணிகள் சமமாகிவிடுமா? ஐஸ் ஹாக்கி ஊதியக் கணக்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கித் தொடரான என்.எச்.எல்.-இல், 2004-05 பருவம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட நடக்காமல் கதவடைப்பிலேயே கழிந்தது. அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான அந்தப் பிணக்கு தீர்ந்தபோது, ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு 3.9 கோடி டாலர் என்ற உச்சவரம்பு 2005-06 பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. 2025-26 பருவத்தில் அது 9.55 கோடி டாலராக உயர்ந்திருக்கிறது. இந்த இருபதாண்டு வரலாற்றைப் பலர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: முன்பு பணக்கார அணிகள் கோப்பையை விலைக்கு வாங்கின, இப்போது யார் வேண்டுமானாலும் வெல்லலாம் என்பார்கள். இதன் இரண்டு பாதிகளுமே அரைகுறையானவை.

முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். உச்சவரம்புக்கு முந்தைய கடைசிப் பருவமான 2003-04-இல் டெட்ராய்ட் அணியும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியும் தலா 7.5 கோடி டாலருக்கு மேல் ஊதியம் கொடுத்தன. நாஷ்வில் போன்ற அணிகள் ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்குடன் காலம் தள்ளின. ஆனால், அவ்வளவு செலவழித்த ரேஞ்சர்ஸ் 1997-98 முதல் 2003-04 வரை தொடர்ந்து 7 பருவங்கள், வழக்கமான பருவத்துக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2004-இல் இறுதிப் போட்டியில் மோதிய டம்பா பேயும் கால்கரியும் செலவில் முன்வரிசை அணிகள் அல்ல. அதே நேரத்தில், தொடரின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை, 1995 முதல் 2003 வரை ஒன்பது முறையும் டெட்ராய்ட், கொலராடோ, நியூ ஜெர்சி, டல்லாஸ் என்ற நான்கு அணிகளே பங்கிட்டுக்கொண்டன என்பதும் உண்மைதான். பணம் உதவியது, ஆனால் பணத்தால் மட்டும் எதுவும் நடந்துவிடவில்லை.

இரண்டாவது பாதி இன்னும் வழுக்கலானது. 2010 முதல் 2017 வரை, உச்சவரம்பு முழு வீச்சில் இருந்த எட்டு ஆண்டுகளில், சிகாகோ 3, லாஸ் ஏஞ்சலஸ் 2, பிட்ஸ்பர்க் 2, பாஸ்டன் 1 எனக் கோப்பை மறுபடியும் நான்கு அணிகளுக்குள்ளேயே சுற்றி வந்தது. ஆகவே, கோப்பை வென்றவர்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு போட்டிச் சமநிலை கூடியது என்றோ குறைந்தது என்றோ தீர்ப்புச் சொல்வது தவறு. கோல்கள் குறைவாக விழும் விளையாட்டில், ஒரு கோல்காப்பாளர் இரண்டு வாரம் அசாத்தியமாக ஆடினாலே ஒரு தொடரின் முடிவு புரண்டுவிடும். 2018-19 பருவமே இதற்குப் போதுமான சான்று. 62 ஆட்டங்களை வென்று அதுவரையிலான சாதனையைச் சமன் செய்த டம்பா பே, பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே கொலம்பஸ் அணியிடம் 4-0 என்ற ஆட்டக் கணக்கில் தோற்று வெளியேறியது. ஜனவரி தொடக்கத்தில் புள்ளிப் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த செயின்ட் லூயிஸ் ஜூன் மாதம் கோப்பையைத் தூக்கியது. ஒரே ஆண்டு, ஒரே உச்சவரம்பு. அதில் எதையுமே உச்சவரம்பின் கணக்கில் எழுத முடியாது.

சமநிலை என்று பேசுபவர்கள் எந்தச் சமநிலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே பருவத்துக்குள் முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் உள்ள இடைவெளி ஒன்று. ஓர் ஆண்டு கீழே இருந்த அணி அடுத்தடுத்த ஆண்டுகளில் மேலே வர முடிகிறதா என்பது வேறொன்று. கோப்பை எத்தனை கைகளுக்குப் போகிறது என்பது மூன்றாவது. முதலாவது சுருங்கினாலும் இரண்டாவது அசையாமல் கிடக்கலாம். பஃபலோ அணி 2011-12 முதல் 2024-25 வரை தொடர்ந்து 14 பருவங்கள் பிளேஆஃப் வாசலை மிதிக்கவில்லை. மற்ற அணிகளுக்கு இருந்த அதே உச்சவரம்புதான் அதற்கும் இருந்தது. எட்மன்டன் 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் தேர்வைப் பெற்றும், 2015-16 வரை மேலெழவே இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கவும் வளர்க்கவும் தெரியாத நிர்வாகத்தை எந்த வரம்பும் காப்பாற்றாது.

புள்ளிப் பட்டியலைப் பார்த்து ஏமாறுவது நுட்பமான தவறு. விவரம் தெரிந்தவர்களும் இதில் சிக்குகிறார்கள். உச்சவரம்பு வந்த அதே 2005-06 பருவத்தில்தான் சமனில் முடியும் ஆட்டங்கள் ஒழிக்கப்பட்டு, கோல்காப்பாளரை எதிர்த்துத் தனி ஆளாக அடிக்கும் வாய்ப்புகளால் முடிவு காணும் ஷூட்-அவுட் முறை புகுத்தப்பட்டது. கூடுதல் நேரத்தில் தோற்கும் அணிக்கு ஒரு புள்ளி தரும் வழக்கம் 1999-2000-இலேயே வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்ததன் விளைவாக, வழக்கமான 60 நிமிடங்களில் முடியும் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்து 2 புள்ளிகளும், அதைத் தாண்டிப் போகும் ஒவ்வோர் ஆட்டத்திலும் 3 புள்ளிகளும் பங்கிடப்படுகின்றன. தோற்ற அணிகளுக்கும் புள்ளிகள் சேர்ந்துகொண்டே இருப்பதால், பட்டியலில் மேலும் கீழும் நெருங்கி நிற்பதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. எதிரணியைப் பிடித்து இழுத்தும் தடுத்தும் ஆடுவதற்கு எதிரான விதிகளும் அதே பருவத்தில்தான் கடுமையாக்கப்பட்டன. இத்தனையும் ஒன்றாக நடந்திருக்கும்போது, விளைவு முழுவதையும் ஊதிய வரம்பின் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், மொத்தப் புள்ளிகளை விட்டுவிட்டு, 60 நிமிடங்களுக்குள் கிடைத்த வெற்றிகளையும் கோல் வித்தியாசத்தையும் பார்ப்பது உத்தமம்.

உச்சவரம்புக் கணக்கில் ஏறும் தொகையும், அணியின் கையிலிருந்து உண்மையில் போகும் பணமும் ஒன்று என்று எண்ணுவது அடுத்த தவறு. கணக்கில் ஏறுவது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. பணமோ எந்த ஆண்டில் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதோ அப்படிப் போகும். இந்த இடைவெளியில்தான் சாமர்த்தியங்கள் பிறந்தன. 2010-இல் நியூ ஜெர்சி அணி இலியா கோவல்சுக்குக்கு 17 ஆண்டுகளுக்கு 10.2 கோடி டாலர் என்று ஓர் ஒப்பந்தம் எழுதியது. பெரும்பணம் முன் ஆண்டுகளில், சொற்பத் தொகைகள் அவர் 40 வயதைக் கடந்த பின் வரும் ஆண்டுகளில் என்று அமைந்திருந்ததால், சராசரி தாழ்ந்தது. இது உச்சவரம்பை ஏய்க்கும் வேலை என்று கூறி நடுவர் அதை ரத்து செய்தார். 2013-இல் ஒப்பந்தக் காலத்துக்கே வரம்பு வந்தது.

இதே இடைவெளி கீழ்நோக்கியும் வேலை செய்கிறது. உச்சவரம்பு இருப்பதைப் போலவே, ஒவ்வோர் அணியும் குறைந்தது இவ்வளவு செலவிட்டாக வேண்டும் என்ற கீழ்வரம்பும் உண்டு. 2025-26-இல் அது 7.06 கோடி டாலர். கைவறண்ட அணிகள் இதை எப்படி எட்டின என்பதற்கு அரிசோனாதான் உதாரணம். 2016 கோடையில், டெட்ராய்டின் பாவெல் டட்சியூக் தாயகமான ரஷ்யாவுக்குத் திரும்பி ஆட முடிவு செய்தார். அவருடைய ஒப்பந்தத்தில் மீதமிருந்த ஓராண்டு, 75 லட்சம் டாலராக, டெட்ராய்டின் கணக்கிலேயே நிற்கும் நிலை. அரிசோனா அந்த ஒப்பந்தத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. கூலியாக டிராஃப்டில் 20-ஆம் இடத்திலிருந்து 16-ஆம் இடத்துக்கு முன்னேறி, ஜேக்கப் சிக்ரன் என்ற நல்ல தற்காப்பு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தது. டட்சியூக் அந்த அணிக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. தானே விலகிப் போனவருக்கு ஊதியமும் தர வேண்டியதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, காயத்தால் ஆடுவதை எப்போதோ நிறுத்தியிருந்த கிறிஸ் பிராங்கர் ஹாக்கியின் பெருமைக்குரியோர் மன்றத்தில் சேர்க்கப்பட்டபோதும், காகிதத்தில் அவர் அரிசோனாவின் ஆட்டக்காரராகவே இருந்தார். ஆகவே, இரண்டு அணிகளின் கணக்குத் தொகை நெருங்கியிருக்கிறது என்பதால், களத்தில் இறங்கும் ஆட்டக்காரர்களின் மதிப்பும் நெருங்கியிருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. இதற்கு நேர் எதிரான நிலையில் சிக்கியது மினசோட்டா. 2012-இல் சாக் பாரிசேக்கும் ரயான் சூட்டருக்கும் தலா 13 ஆண்டு, 9.8 கோடி டாலர் ஒப்பந்தம் தந்து, 2021-இல் மீதி ஒப்பந்தத்துக்கு ஈட்டுத்தொகை தந்து இருவரையும் விலக்கிவிட்டதால், 2023-24, 2024-25 பருவங்களில் ஆளே இல்லாத கணக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 1.47 கோடி டாலரைச் சுமந்தது.

ஊதியத்தை டாலரில் மட்டும் ஒப்பிடுவதும் கூடாது. பிட்ஸ்பர்க்கின் நட்சத்திரம் சிட்னி கிராஸ்பிக்காக 2008-09 முதல் கணக்கில் ஏறுவது ஆண்டுக்கு 87 லட்சம் டாலர்தான். ஆனால், அந்தப் பருவத்தில் உச்சவரம்பு 5.67 கோடி என்பதால் அது அணியின் மொத்த வரம்பில் 15 சதவீதத்துக்கு மேல். 2024-25-இல் வரம்பு 8.8 கோடியான பின் 10 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. தொகை நகரவில்லை, அதன் பாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

உச்சவரம்பு நட்சத்திரங்களைப் பிரித்துவிடும், அதனால்தான் வலுவான அணிகள் கலைகின்றன என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. என் பார்வையில், இந்த விஷயத்தில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான். நட்சத்திரங்கள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறார்கள்; பலியாவது நடுத்தட்டு. சிகாகோ 2010-இல் வென்றபோது, அதன் நட்சத்திரங்களான ஜோனதன் டேவ்ஸும் பேட்ரிக் கேனும், புதுமுகங்களுக்கான ஊதியம் குறைந்த முதல் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருந்தனர். அவர்களுடைய அடுத்த ஒப்பந்தம் கணக்கில் ஏறும் நேரம் வந்ததும், டஸ்டின் பஃப்ளின், ஆண்ட்ரூ லாட், கிரிஸ் வெர்ஸ்டீக், கோல்காப்பாளர் ஆன்டி நியெமி ஆகியோர் அதே கோடையில் வெளியேறினார்கள். டேவ்ஸும் கேனும் இருந்தார்கள், இன்னும் இரண்டு கோப்பைகள் வந்தன. டம்பா பே 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றபின் நடந்ததும் இதுவே. யானி கோர்ட், பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ ஆகிய மூவரைக் கொண்ட மூன்றாம் வரிசை (தாக்குதல் ஆட்டக்காரர்கள் மூவர் மூவராக மாறி மாறி இறங்கும் குழுக்களில் மூன்றாவது) எதிரணிகளைத் திணறடித்தது. 2021 கோடையில் ஒருவர் சியாட்டிலுக்கும், ஒருவர் கால்கரிக்கும், ஒருவர் நியூயார்க்குக்கும் என மூவருமே போய்விட்டார்கள். நட்சத்திரங்களான குச்செரோவ், பாயின்ட், ஹெட்மன், வசிலெவ்ஸ்கி எவரும் அசையவில்லை. ஆகவே, உச்சவரம்பு சமநிலைக்கு எவ்வளவு உதவுகிறது என்று அறிய, அணியின் முதல் வரிசையை விட மூன்றாம் வரிசையில் ஆள் மாறும் வேகத்தைக் கவனிப்பதே பலன் தரும்.

அந்த 2021 வெற்றிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அப்போதைய விதிப்படி, நீண்டகாலக் காயப் பட்டியலில் ஒருவர் இருந்தால், அவருடைய தொகை அளவுக்கு அணி வரம்பைத் தாண்ட முடிந்தது. பிளேஆஃப் சுற்றுக்கோ அப்போது உச்சவரம்பே கிடையாது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வழக்கமான பருவம் முழுவதும் ஆடாத நிகிதா குச்செரோவ், பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் வந்து இறங்கி, அந்தச் சுற்றில் கோல்களும் கோலுக்கு உதவியவையுமாக 32 புள்ளிகள் எடுத்தார். வரம்பை ஏறத்தாழ 1.8 கோடி டாலர் தாண்டிய அணி அது; வெற்றிக் கொண்டாட்டத்தில் அதைக் கிண்டலாக அச்சிட்ட சட்டையையே அவர் அணிந்து நின்றார். விதிப்படி இதில் குற்றமில்லை. ஆனால், பருவத்தின் வரம்பை வைத்துக் கோப்பையின் சமநிலையை அளப்பவர்கள் இந்த ஓட்டையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். 2025-26 பருவத்திலிருந்து, பிளேஆஃபில் அன்றன்று களமிறங்கும் அணியும் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது.

மாநில வருமான வரி இல்லாத இடங்களே வெல்கின்றன என்ற வாதத்தையும் நிதானமாகவே ஏற்க வேண்டும். 2020 முதல் 2025 வரை ஆறு இறுதிப் போட்டிகளிலும் ஃபுளோரிடா மாநிலத்து அணி ஒன்று இருந்தது; கனடா அணி எதுவும் 1993-க்குப் பிறகு கோப்பை வெல்லவில்லை. வரம்புக்குள் அதே டாலரைக் கொடுத்தாலும் ஆட்டக்காரரின் கையில் அங்கே கூடுதலாக மிஞ்சும் என்பது மறுக்க முடியாதது. ஆயினும், அதே வரிச் சட்டத்தின் கீழ் இருந்த ஃபுளோரிடா பாந்தர்ஸ், 1996-க்கும் 2022-க்கும் இடையில் ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை. வரி ஒரு சாதகம். நல்ல நிர்வாகத்தின் கையில் கிடைத்த பிறகே அது பலித்தது.

கடைசியாக, உச்சவரம்பின் முதல் வேலை சமநிலையைக் காப்பது என்று எண்ணிவிடக் கூடாது. அது தொடரின் வருவாயை உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் பங்கிடும் ஏற்பாடு. 2013 ஒப்பந்தத்திலிருந்து இருதரப்புக்கும் சரிபாதி. ஆட்டக்காரர்களின் ஊதியத்தில் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டு, பாதிக்கு மேல் போயிருந்தால் மிகுதி உரிமையாளர்களுக்குத் திரும்புகிறது. பெருந்தொற்றில் வருவாய் விழுந்தபோது, வரம்பு 2019-20 முதல் மூன்று பருவங்கள் 8.15 கோடியிலேயே உறைந்து நின்றதும் இதனால்தான். அந்த நெருக்கடியின் தொடர்ச்சியாகத்தான், 2022-இல் வேகஸ் அணி மேக்ஸ் பாசியோரெட்டியை எந்த ஈடும் பெறாமல் கரோலினாவுக்குக் கொடுத்து வரம்புக் கணக்கில் இடத்தைக் காலி செய்தது. 2026-27-க்கு 10.4 கோடி, 2027-28-க்கு 11.35 கோடி என்று 2025 ஜனவரியில் கணிப்பு வெளியான பிறகு, இடம் இல்லாமல் தவிக்கும் அணிகள் குறைந்துவிட்டன. உறைந்த ஆண்டுகளின் புள்ளிவிவரத்தையும் இனி வரும் ஆண்டுகளின் புள்ளிவிவரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சராசரி எடுத்தால், இரண்டில் எதைப் பற்றியும் சரியாக எதுவும் தெரியவராது.