இளையோரை வரவேற்கிறதா சுகாதார நிலையம்? அளக்கும்போது நேரும் தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையம் இளையோருக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர்கள், முதல் வேலையாக ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் எடுப்பார்கள். தனி அறை உண்டா? பெயர்ப்பலகை உண்டா? ஆலோசனை நேரம் எழுதிப் போட்டிருக்கிறதா? 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்காக 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் (தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம்) என்ற திட்டத்தின் மையங்களைப் பார்வையிடும்போதும் இப்படித்தான் நடக்கிறது. இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்தத் தனி அறையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கிப் பூட்டி வைத்திருந்தாலும் பட்டியலில் 'உண்டு' என்றே டிக் விழும். அறை இருக்கிறதா என்பதோடு, போன வாரம் அதில் யார் உட்கார்ந்து பேசினார்கள் என்றும் கேளுங்கள்.

பெரிய தவறு அடுத்ததுதான். வெளியே வரும் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி, "சேவை திருப்தியாக இருந்ததா?" என்று கேட்பது. பக்கத்தில் அம்மா, நாலடி தள்ளி செவிலியர். காசில்லாமல் மருந்து வாங்கிக்கொண்டு போகும் பெண் வேறு என்ன சொல்வாள்? "நல்லா பார்த்தாங்க" என்பாள். அப்புறம் அறிக்கையில் திருப்தி விகிதம் வானத்தைத் தொடும். அதை வைத்து ஒரு நிலையத்தைப் பாராட்டுவதும் தவறு, இன்னொன்றைக் குறை சொல்வதும் தவறு.

திருப்தியை விடுங்கள், நடந்ததைக் கேளுங்கள். மருத்துவர் பேசும்போது அறையில் வேறு யார் இருந்தார்கள்? ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் என்ன பிரச்சினை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டியிருந்ததா? கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு நிமிடமாவது தனியாகப் பேசினார்களா? "கல்யாணம் ஆகிடுச்சா?" என்று தேவையில்லாத இடத்தில் கேட்டார்களா? கேட்க நினைத்துக் கேட்காமலே வந்தது ஏதாவது உண்டா? கடைசிக் கேள்வியில் வரும் பதில்கள்தான் எனக்கு எப்போதும் முக்கியமாகத் தோன்றும். கேட்கும் இடமும் நிலையத்துக்கு வெளியே, ஊழியர் கண்ணில் படாத இடமாக இருக்கட்டும்.

சரி, வந்தவர்களிடம் நன்றாகவே கேட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். வராதவர்கள்? காலை ஓ.பி. நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள், படிப்பை நிறுத்தியவர்கள் மில்லில் வேலை செய்கிறார்கள். "அங்கே போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும்" என்று அஞ்சும் பிள்ளையின் குரல் அந்த வாசலில் என்றைக்கும் கேட்காது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் ஒழிப்பு அமைப்பான யுஎன்எய்ட்ஸும் இளையோருக்கான சுகாதார சேவை எப்படி இருக்க வேண்டும் என்று 2015-இல் வெளியிட்ட 8 தரநிலைகளோடு வந்த அளவீட்டுக் கருவிகளில், சிகிச்சைக்கு வந்த இளையோருக்கு ஒரு கேள்வித்தாளும் ஊரில் இருக்கும் இளையோருக்குத் தனியாக இன்னொன்றும் உண்டு. நேரமில்லை, பணமில்லை என்று முதலில் கைவிடப்படுவது இரண்டாவதுதான். நான் விடுவதென்றால் சுவரொட்டிகளை எண்ணுவதை விடுவேன்.

வந்தவர் எண்ணிக்கையையும் கவனித்துப் பாருங்கள். பள்ளி முகாமில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கியவர்களையும், தானாக நிலையத்துக்கு வந்தவர்களையும் ஒரே பதிவேட்டில் கூட்டினால் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். வரவேற்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சராசரியும் அப்படித்தான். அம்மாவோடு சிரங்குக்கு வந்த 11 வயதுப் பையனும், மாதவிலக்கு தள்ளிப்போன பயத்தில் தனியாக வந்த 18 வயது மணமாகாத பெண்ணும் ஒரே மதிப்பெண்ணில் கரைந்துபோனால், அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது யாருக்கும் தெரியாமலே போகும். 10–14, 15–19 என்று வயதையும், ஆண், பெண், திருநர், படிப்பவர், வேலைக்குப் போகிறவர், மணமானவர், ஆகாதவர் என்றும் பிரித்துப் பார்க்கும் அளவுக்குத் தொடக்கத்திலேயே ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிற்பாடு நினைத்தால் முடியாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நீ சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று ஆய்வாளர்கள் எளிதாக வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் தகவல் தர வேண்டும். அந்த வயதில் விரும்பி நடந்த உறவையும் சட்டம் விலக்கி வைக்கவில்லை. காக்க முடியாத வாக்கைப் பிள்ளைக்குக் கொடுப்பது துரோகம். எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதைக் கேள்வி தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆளையே அடையாளம் காட்டும் சொந்த அனுபவங்களைத் துருவாமல், நிலையத்தில் நடத்தப்பட்ட விதத்தோடு கேள்விகளை நிறுத்திக்கொள்ளலாம். பெற்றோர் ஒப்புதல் தேவைப்படும் வயதில் அதை வாங்குங்கள், ஆனால் பேட்டியின்போது அவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிள்ளையின் சம்மதத்தையும் தனியாகக் கேட்க வேண்டும்.

மருத்துவரையும் செவிலியரையும் மட்டும் அளந்துவிட்டு நிறுத்துவதும் வழக்கம். சீட்டு எழுதுபவரும் மருந்து கொடுப்பவரும் வாசலில் இருக்கும் பணியாளரும்தான் பல பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள், ஒரு பார்வையாலேயே. அவர்களிடமும் கேட்க வேண்டும். குற்றம் கண்டுபிடிக்கும் தொனியில் கேட்டால் உண்மை வராது. ஒரு செவிலியர் எத்தனை பதிவேடுகளைச் சுமக்கிறார், தனியாகப் பேச அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது என்பதும் அளவீட்டின் பகுதிதான்.

கேள்விகளை அந்த ஊர் இளையோரிடம் முன்கூட்டியே காட்டித் திருத்துங்கள். ஆய்வு முடிந்ததும் முடிவுகளை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவதோடு, அந்த இளையோரிடமும் நிலைய ஊழியரிடமும் சொல்லி, முதலில் எதை மாற்றலாம் என்று கேளுங்கள். மாற்றம் நடந்த பிறகு மறுபடி அளக்கும்போது அதே கேள்விகள், அதே பருவம்: முதல் ஆய்வை ஜூலையிலும் அடுத்ததைத் தேர்வு நடக்கும் மார்ச்சிலும் வைத்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.