மின்சார ரிமோட் டிரக்கில் ரேடியோ குறுக்கீடு: மூலத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

ஓடிக்கொண்டிருக்கும் டிரக் சொல்பேச்சுக் கேட்காமல் ஒரு பக்கமாக வெட்டித் திரும்பினாலோ, ஸ்டீயரிங்கைத் தொடாதபோதே முன்சக்கரங்கள் நடுங்கினாலோ, பலரும் அக்கம்பக்கத்து வைஃபையையோ மின்கம்பியையோ குறைசொல்லிவிட்டுப் புதிய ரிமோட் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் குறுக்கீடு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. டிரக்கின் மோட்டாரிலும் வயரிங்கிலுமே பிறக்கிறது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் பழுது எங்கே என்று பிரித்தறிவதே முதல் வேலை. 540 வகை பிரஷ் மோட்டார் பொருத்திய, உண்மையான வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டிரக்கை மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

ரேடியோ பழுதுபோலத் தோன்றும் எல்லாமே ரேடியோ பழுது அல்ல. ஸ்டீயரிங் சீராக இயங்கும்போது வேகம் மட்டும் விட்டுவிட்டு அறுந்தால், சிக்னல் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது என்றே பொருள். பேட்டரி இறங்கியதாலோ சூடேறியதாலோ இஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தன்னையும் பேட்டரியையும் காத்துக்கொள்ள மின்சாரத்தைக் குறைக்கிறது. ஸ்டீயரிங் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் துடித்தால், முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார் கருவியான சர்வோவுக்குள், கோணத்தை அளக்க இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் அந்த இடத்தில் தேய்ந்திருக்கலாம். ஸ்டீயரிங்கும் வேகமும் ஒரே நேரத்தில் தடுமாறினால்தான் சிக்னலையோ, அதை டிரக்கில் வாங்கும் ரிசீவருக்குச் செல்லும் மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் ரிமோட் எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்று பாருங்கள். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் 26.995 முதல் 27.255 வரை ஆறு சானல்களே உண்டு. ஒரே சானலில் இரண்டு டிரக்குகளை அருகருகே ஓட்ட முடியாது. இவற்றில் டிரான்ஸ்மிட்டருக்கும் (அதாவது ரிமோட்டுக்கும்) ரிசீவருக்கும், சானலைத் தீர்மானிக்கும் தனித்தனி கிரிஸ்டல்கள் உண்டு. அவற்றை இடம் மாற்றிச் செருகிவிட்டால் செட் வேலை செய்யாது. டிரக் எங்காவது மோதிய பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், ரிசீவர் கிரிஸ்டல் தளர்ந்திருக்கிறதா, உள்ளே உடைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளில் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைவதாலும், பல செட்டுகள் அலைவரிசையை நொடிக்குப் பலமுறை மாற்றிக்கொண்டே இருப்பதாலும், மோட்டார் கிளப்பும் மின் இரைச்சலோ பக்கத்து டிரக்கோ அவற்றை எளிதில் பாதிப்பதில்லை. அத்தகைய செட்டில் தொல்லை வந்தால், பெரும்பாலும் ஆன்டெனாவிலோ மின்னழுத்தத்திலோதான் குறை இருக்கும்.

இனி சோதனை. சக்கரங்கள் தரையில் படாதவாறு டிரக்கை ஒரு பெட்டியின் மேல் ஏற்றி வையுங்கள். ரிமோட்டை முதலில் ஆன் செய்து, அதன் பிறகே டிரக்கை ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது டிரக்கை முதலில் அணையுங்கள். மோட்டாரை மெல்ல முழுவேகத்துக்குக் கொண்டுபோய், ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்று கவனியுங்கள். பின்பு டிரக்கை அணைத்து, மோட்டாருக்குச் செல்லும் இரண்டு வயர்களையும் கழற்றி, முனைகளை டேப்பால் மூடிவிட்டு, அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். நடுக்கம் அடியோடு நின்றுவிட்டால் குற்றவாளி மோட்டார்தான்.

பிரஷ் மோட்டாரில் கார்பன் பிரஷ்கள், கம்யூட்டேட்டர் எனப்படும் சுழலும் செம்பு உருளையின் மேல் உரசும் இடத்தில் தீப்பொறி பறக்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு ரேடியோ ஒலிபரப்பு. இதை அடக்குவதற்குத்தான் மோட்டாரின் பின்பக்கத்தில் செராமிக் கெப்பாசிட்டர்களைப் பற்றவைக்கிறார்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் இரும்புக் கூட்டுக்கு ஒன்றாக இரண்டும், இரு முனைகளுக்கும் குறுக்கே ஒன்றும் என மூன்று இருப்பது நல்லது. 0.1 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் போதும். அதன் மேல் 104 என்று அச்சிட்டிருக்கும். அதிர்வில் இவற்றின் கால் முறிந்துவிடுவது வழக்கமான பழுது. பார்வைக்கு இடத்திலேயே இருப்பதுபோல் தெரியும், விரலால் மெல்ல அசைத்தால்தான் விலகும். 1987-இல் வெளிவந்த தமியாவின் கிளாட் பஸ்டரைப்போல இரண்டு மோட்டார் உள்ள டிரக்கானால் இரண்டையும் பாருங்கள்.

புதிதாகப் பற்றவைக்கும்போது கூட்டின் மேற்பரப்பை அரத்தால் பளபளப்பாகும்வரை சுரண்டி, அந்த இடத்தில் முதலில் சிறிது ஈயம் ஏற்றிக்கொள்ளுங்கள். சால்டரிங் அயர்ன் குறைந்தது 60 வாட் இருக்கட்டும். சக்தி குறைந்த அயர்னை நெடுநேரம் வைத்து அழுத்தினால் கூடு முழுவதும் சூடாகி உள்ளிருக்கும் காந்தங்கள் வலுவிழக்கக்கூடும். கெப்பாசிட்டரின் கால்களை இயன்றவரை குட்டையாக வெட்டுங்கள், ஏனெனில் நீண்ட கால் தானே ஓர் ஆன்டெனாவாகிவிடும். முனைகளுக்குக் குறுக்கே வருவதன் கால்கள் கூட்டில் படாதபடி உறை போடுங்கள். பிளஸ் மைனஸ் குறியுள்ள எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரை இங்கே பயன்படுத்தவே கூடாது. ரிவர்ஸ் கொடுத்தால் அது வெடித்துவிடும். பிரஷ்லெஸ் மோட்டாருக்கு இந்தச் சிகிச்சை எதுவும் பொருந்தாது. கெப்பாசிட்டர்கள் சரியாக இருந்தும் இரைச்சல் அடங்காவிட்டால், பிரஷ்கள் தேய்ந்து கம்யூட்டேட்டர் கருத்திருக்கும். பிரஷ்ஷையோ மோட்டாரையோ மாற்றுவதே வழி.

ஆன்டெனா விஷயத்தில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருபவை, ஏனெனில் செலவே இல்லாமல் தவிர்க்கக்கூடியவை. 27 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரின் நீண்ட வயரை அழகுக்காக வெட்டுவதோ சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவதோ கூடாது. அந்த நீளத்தைக் கணக்கில் கொண்டே ரிசீவரை டியூன் செய்திருக்கிறார்கள். அதைக் குழாய்க்குள் செலுத்தி நேராக நிறுத்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் மெல்லிய கேபிளில் உறை நீக்கிய கடைசி 31 மி.மீ. மட்டுமே ஆன்டெனா, அந்தப் பகுதி மடங்காமல், இரும்பு, கார்பன் ஃபைபர் தகடு, பேட்டரி ஆகியவற்றை விட்டு விலகி, மேல்நோக்கி நிற்க வேண்டும். ரிசீவரையும் மோட்டார் வயர்களையும் சேஸிஸின் எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள். இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் வயரை மின் இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றுவதும் உதவும்.

மோட்டாரைக் கழற்றிய பிறகும் தடுமாற்றம் தொடர்ந்தால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். பெரிய டயர்களை நின்ற இடத்திலேயே திருப்பும்போது சர்வோ ஏராளமான மின்சாரத்தை இழுக்கிறது. இஎஸ்சிக்குள் இருந்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பெக் (BEC) சுற்று அதைத் தாங்காவிட்டால் ரிசீவர் ஒரு கணம் அணைந்து மீண்டும் எழுகிறது. ஸ்டீயரிங்கை முழுவதும் இடம் வலமாக வேகமாகத் திருப்பும்போது ரிசீவரின் விளக்கு சிமிட்டினால் சந்தேகமே வேண்டாம். உறுதிப்படுத்த, இஎஸ்சி வயரின் பிளக்கிலிருந்து சிவப்பு வயரை மட்டும் உருவி டேப் சுற்றிவிட்டு, நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் கொண்ட 4.8 வோல்ட் பேட்டரியை ரிசீவருக்கு நேரடியாகக் கொடுங்கள். தொல்லை மறைந்தால், கூடுதல் ஆம்பியர் தரும் தனி பெக் ஒன்றைப் பொருத்த வேண்டும்.

சரிசெய்த பின் தூரச் சோதனை செய்யாமல் டிரக்கை ஓட்டாதீர்கள். திறந்த மைதானத்தில் நண்பர் ஒருவர் சக்கரங்கள் சுழலாத நிலையில் டிரக்கைப் பிடித்திருக்க, நீங்கள் ரிமோட்டுடன் வழக்கமாக ஓட்டும் தூரத்தைத் தாண்டி நடந்து சென்று ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். பிறகு சக்கரங்கள் தரையில் படாதவாறு டிரக்கைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, மோட்டார் ஓடும்போதும் அதையே செய்யுங்கள். மோட்டார் ஓடுகையில் மட்டும் தூரம் குறைந்தால் இரைச்சல் இன்னும் முழுமையாக அடங்கவில்லை. கடைசியாக, சிக்னல் அறுந்தால் டிரக்கைத் தானே நிறுத்தும் ஃபெயில்சேஃப் வசதி உள்ள செட்டானால், சக்கரங்கள் உயர்ந்த நிலையில் மெதுவான வேகத்தில் மோட்டாரை ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள்; மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால், சிக்னல் அறுந்தால் வேகம் பூஜ்ஜியத்துக்கு வரும்படி ஃபெயில்சேஃபை மறுபடி அமைத்த பிறகே டிரக்கைத் தரையில் இறக்குங்கள்.