வெறுப்புப் பதிவுக்குப் புகார் எழுதுவது எப்படி

பாசனத்துக்காக மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத வருஷம் டெல்டா வாட்ஸ்அப் குழுக்கள் கொதிக்கும். 'கர்நாடக அரசு ஏமாற்றுகிறது', 'நம்ம அமைச்சர் தூங்குகிறார்' என்று எவ்வளவு காட்டமாக எழுதினாலும் அது கருத்துரிமை. 'கே.ஏ. நம்பர் (கர்நாடகப் பதிவு) லாரியைக் கொளுத்து, இங்கே கடை வைத்திருக்கும் கன்னடக்காரனை விரட்டு' என்றால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 196-ஆம் பிரிவு: மதம், சாதி, மொழி, பிறந்த இடம் ஆகியவற்றை வைத்துப் பகை மூட்டுவது. மூன்றாண்டு வரை சிறை. வழிபாட்டுத் தலத்தில் செய்தால் ஐந்தாண்டு வரை. அரசையோ கட்சியையோ திட்டினார் என்பதற்காக இந்தப் பிரிவில் புகார் கொடுக்காதீர்கள். அது உண்மையான புகார்களின் மதிப்பையும் கெடுக்கும்.

பெரும்பாலான புகார்கள் சாட்சியத்தில்தான் சறுக்குகின்றன. வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது. குழுவின் பெயர், அனுப்பியவரின் எண், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். மூலச் செய்தியை அழிக்காதீர்கள், அந்த போனை மாற்றாதீர்கள். தானாக மறையும் செய்தி என்றால் உடனே பதிவு செய்யுங்கள். மின்னணு ஆவணத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடும் வரும். 'இதைப் பாருங்கள்' என்று மற்ற குழுக்களுக்கு அனுப்பவே கூடாது. பரப்பிய பழி உங்கள் மேலேயே திரும்பலாம்.

புகாரில் 'தவறாகப் பேசினார்' என்று எழுதினால் எடுபடாது. சொன்ன வார்த்தைகளை அப்படியே, எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். யாருக்கு எதிராக யாரைத் தூண்டுகிறது என்பதையும் எழுதுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு என்று போடாதீர்கள், உச்ச நீதிமன்றம் 2015-லேயே அதை ரத்து செய்துவிட்டது. பட்டியல் சாதியினர்மீது வெறுப்பைத் தூண்டும் பதிவு என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(யூ) பிரிவையும் குறிப்பிடுங்கள். அதற்கு முன்விசாரணை (வழக்குப் பதியும் முன் நடத்தும் விசாரணை) தேவையில்லை, டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். 196-இல் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முன்விசாரணை நடக்கலாம். அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள்.

எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை தடையில்லை. சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) வாங்காமல் திரும்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு பதிவுத் தபால். அதற்கும் பலனில்லை என்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு.

குழு அட்மினைக் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்க அவசரப்படாதீர்கள். வெறும் அட்மினாக இருந்ததற்காகக் குற்றம் சாட்ட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் சொல்லியிருக்கிறது. 196 வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் அடிக்கடி கேளுங்கள்.