பால்மா டின்னின் பின்பக்கம்

தாய்ப்பால் போதாமல் டொக்டர் பால்மா எழுதிக் கொடுத்திருந்தால், ஹட்டன் டவுனில் டின்னை வாங்கும்போது விலையோடு சேர்த்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் ஒருதரம் பாருங்கள். காபோவைதரேட்டு (மாச்சத்து) லக்டோஸாக, அதாவது பாலில் இயல்பாக இருக்கும் சீனியாக, இருந்தால் நல்லது, தாய்ப்பாலில் இருப்பதும் அதுதான், 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 7 கிராம். அதில் பாதி கலக்டோஸ் என்ற இன்னொரு சீனியாகப் பிரிந்து ஈரலுக்குப் போய்விடுவதால் இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறாது. மாவை உடைத்துச் செய்யும் மோல்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப் என்றால் முழுக்கக் குளுக்கோஸ்தான், வேகமாக ஏறும், இன்சுலினும் கூடுதலாகச் சுரக்கும். லக்டோஸ் இல்லாத பால்மாவில் பெரும்பாலும் இவைதான். சில பிள்ளைகளுக்கு டொக்டரே அதைத்தான் கொடுக்கச் சொல்வார், சரி. வயிற்றில் காற்று என்று பக்கத்து லயத்து அக்கா சொன்னதற்காக மாற்றாதீர்கள். அப்புறம், பிள்ளை குடிக்கவில்லையென்று போத்தலில் சீனி போடவே வேண்டாம், கரண்டியைக் குவித்தும் அள்ள வேண்டாம்.