எம்.டி ஆபீஸ்ல புதுசா ஈ.ஏ-வா சேர்ந்திருக்கீங்களா? எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு பாப்போம்

எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட் (ஈ.ஏ) வேலைக்கு ஆஃபர் லெட்டர்ல "காலெண்டர், டிராவல், மீட்டிங் கோஆர்டினேஷன்"னு ஒரு வரில முடிச்சிருப்பாங்க, உள்ள போனாத்தான் தெரியும் அந்த ஒரு வரிக்குள்ள எவ்ளோ கிடக்குன்னு. சென்னைல ஒரு நடுத்தர சைஸ் கம்பெனில எம்.டி, அதாவது மேனேஜிங் டைரக்டர் ஆபீஸ மனசுல வச்சுதான் இத எழுதுறேன். பெரிய இடம்னா டிராவல் டெஸ்க் தனியா இருக்கும், உங்களுக்கு அந்த தலைவலி பாதி மிச்சம்.

ஸ்டெப் 1: முதல் வாரம் கேட்டு தெரிஞ்சுக்கோங்க

எம்.டிகிட்ட அரை மணி நேரம் வாங்கி நோட்டோட உக்காருங்க. மீட்டிங் நடுவுல யார் போன் பண்ணா உள்ள வந்து சொல்லலாம், காலைல எத்தன மணிக்கு முன்னாடி எதுவும் வைக்கக்கூடாது, பேப்பர்ல பிரிண்ட் வேணுமா போன்ல அனுப்பினா போதுமா, ராகு காலம் பாப்பாரா. சிரிக்காதீங்க, வெள்ளிக்கிழமை 10.30லேர்ந்து 12 வரைக்கும் புது அக்ரிமென்ட்ல கையெழுத்தே போடாதவங்க இருக்காங்க, அந்த ஸ்லாட்ல வக்கீல வரச்சொல்லிட்டா எல்லாருக்கும் தர்மசங்கடம். அப்புறம் டிரைவர் அண்ணன்கிட்ட நல்லா பழகிக்கோங்க. சார் எங்க இருக்காரு, எந்த மூட்ல வர்றாருன்னு உங்களுக்கு முன்னாடி அவருக்குத்தான் தெரியும்.

ஸ்டெப் 2: காலெண்டர உங்க கைக்கு கொண்டு வாங்க

என்னைக் கேட்டா மொத்த வேலையும் இதுலதான் இருக்கு, மத்ததெல்லாம் இதோட கிளைதான்.

முதல்ல ஆக்சஸ். எம்.டியோட பாஸ்வேர்டு வாங்கி லாகின் பண்ற பழக்கம் நிறைய ஆபீஸ்ல இருக்கு, அது வேணாம். கிளாசிக் அவுட்லுக்ல அவரோட சிஸ்டத்துல ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ், டெலிகேட் ஆக்சஸ் போய் உங்க பேர சேர்த்து காலெண்டருக்கு எடிட்டர் பர்மிஷன் (நீங்களே சேர்க்க, மாத்த முடியுற உரிமை) குடுக்கச் சொல்லுங்க. பிரைவேட் ஐட்டங்கள பாக்குறதுக்கு தனியா ஒரு டிக் இருக்கும், அவரா சொன்னா ஒழிய அத தொடாதீங்க.

அடுத்து, டைம் கேட்டு வர்றவங்க. உடனே ஸ்லாட் குடுக்காம மூணு விஷயம் கேளுங்க: சார்கிட்ட என்ன முடிவு வேணும், வேற யார் இருக்கணும், எவ்ளோ நேரம். இப்படி ஒரு மெசேஜ் போட்டா போதும்: "சார், எம்.டி கூட டைம் போடுறேன். எந்த விஷயத்துக்கு அப்ரூவல் வேணும்னு ரெண்டு வரி அனுப்பிடுங்க, அவர் முன்கூட்டியே பாத்துட்டா மீட்டிங் சீக்கிரம் முடியும்." பாதி பேர் இதுக்கு பதில் எழுதும்போதே "சரி விடுங்கம்மா, நான் சிஎஃப்ஓகிட்டயே பேசிக்கிறேன்"னு கம்பெனியோட நிதித் தலைவர்கிட்ட போயிடுவாங்க. இல்லன்னு சொல்ல வேண்டி வந்தா "சார் பிஸி"ன்னு மொட்டையா சொல்லாதீங்க, "இந்த வாரம் முடியாது, வர்ற செவ்வாய் சாயங்காலம் 20 நிமிஷம் இருக்கு, வச்சுக்கலாமா"ன்னு ஒரு வழி காட்டுங்க.

ரோட்டையும் காலெண்டர்ல போடணும். கிண்டில 4 மணிக்கு முடியுற மீட்டிங்குக்கு அடுத்து சிறுசேரில 4.30க்கு இன்னொண்ணு போட்டா ஓஎம்ஆர் டிராஃபிக் உங்க முகத்துல கரிய பூசிடும். பயண நேரத்த தனி பிளாக்கா போட்டு லாக் பண்ணுங்க, அதுல யாரையும் கைவைக்க விடாதீங்க.

வெளிநாட்டு கால் இருந்தா இன்னொரு கண்ணி. நியூயார்க் நமக்கு கோடைல 9.30 மணி நேரம் பின்னாடி, குளிர்காலத்துல 10.30. அமெரிக்கால கடிகாரம் மார்ச் ரெண்டாவது ஞாயிறு மாறும், லண்டன்ல மார்ச் கடைசி ஞாயிறுதான் மாறும், அந்த இடைப்பட்ட ரெண்டு மூணு வாரம் நம்ம ஊர், நியூயார்க், லண்டன் மூணும் சேர்ற கால் எல்லாம் ஒரு மணி நேரம் இழுபறி ஆகும். சிங்கப்பூர் எப்பவும் நமக்கு 2.30 மணி நேரம் முன்னாடி, தொல்லையே இல்ல.

ஸ்டெப் 3: முந்தின நாள் சாயங்காலம் ஒரு பக்கம்

நாளைக்கு என்னன்னு ஒரே பக்கத்துல அனுப்புங்க, போன்ல ஸ்க்ரோல் பண்ணாம படிக்கிற அளவுக்கு. உதாரணத்துக்கு:

"10.00 – பேங்க் ரிலேஷன்ஷிப் மேனேஜர், நம்ம ஆபீஸ், 30 நிமிஷம். லிமிட் ரினியூவல் (கடன் வரம்ப புதுப்பிக்கிறது). போன மீட்டிங்ல ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்டாங்க, சிஎஃப்ஓ நேத்து அனுப்பிட்டார். நாளைக்கு நாம கேக்க வேண்டியது வட்டி."

கடைசி வரிதான் முக்கியம், அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் இத திறந்து பாப்பாரு.

ஸ்டெப் 4: போர்டு மீட்டிங்

சட்டப்படி இது கம்பெனி செக்ரட்டரி (கம்பெனியோட சட்ட நடைமுறைகள பாத்துக்கிற அதிகாரி) வேலை, ஆனா ஓடுறது நீங்கதான். 2013 கம்பெனிச் சட்டப்படி பொதுவா வருஷத்துக்கு குறைஞ்சது 4 மீட்டிங், ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல 120 நாளுக்கு மேல இடைவெளி கூடாது, நோட்டீஸ் குறைஞ்சது 7 நாள் முன்னாடி போகணும். அதனால வருஷ ஆரம்பத்துலயே செக்ரட்டரி கூட உக்காந்து நாலு தேதியையும் எல்லா டைரக்டரோட ஆபீஸ்லயும் பிளாக் பண்ணிடுங்க. மத்த ஈ.ஏக்களோட நம்பர் உங்ககிட்ட இருந்தா ஒரு மணி நேரத்துல முடியுற வேலை, இல்லன்னா ரெண்டு வாரம் மெயில்லயே ஓடும்.

ஸ்டெப் 5: டிராவல்

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் காப்பிய எடுத்து எழுத்து எழுத்தா பாருங்க. நம்ம ஊர்ல இனிஷியல் வழக்கத்தால விசிட்டிங் கார்டுல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேரோட நீளமா ஒரு பேரு. டிக்கெட், விசா ரெண்டும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரிதான் இருக்கணும். சர்நேம் காலியா ஒத்தப் பேர் மட்டும் இருக்கிறவங்க துபாய் போறதா இருந்தா ரொம்ப கவனம், 2022 நவம்பர்லேர்ந்து விசிட் விசால அப்படி வர்றவங்கள அமீரகம் அனுமதிக்கிறதில்ல. பாஸ்போர்ட்ல ஆறு மாசத்துக்கு மேல வேலிடிட்டி இருக்கான்னும் பாத்துக்கோங்க. ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பால பல நாட்டுக்கு சேர்த்து ஒரே விசா) பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடியாவது குடுத்தே ஆகணும், ஆனா அந்த 15 நாள நம்பி உக்காராதீங்க, கோடைல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே பெரும்பாடு.

டெல்லி, மும்பைன்னா டெர்மினல் நம்பர மெசேஜ்ல முதல் வரில போடுங்க. டெல்லில டி1 ஒரு பக்கம், டி3 ஒரு பக்கம், மாறி இறங்கினா ஃபிளைட் போச்சு.

ஸ்டெப் 6: வாய், போன், பணம்

லிஸ்டட் கம்பெனின்னா, அதாவது ஷேர் மார்க்கெட்ல இருக்கிற கம்பெனின்னா, மார்க்கெட்ட கண்காணிக்கிற செபியோட இன்சைடர் டிரேடிங் (உள் தகவல வச்சு ஷேர் வாங்கி விக்கிறது) விதில, உள் தகவல் கைக்கு வர்ற உங்கள மாதிரி ஸ்டாஃபும் பொதுவா டெசிக்னேட்டட் பர்சன் (ஷேர் வாங்க விக்க கட்டுப்பாடு உள்ளவங்க) லிஸ்ட்ல வந்துடுவீங்க. குவார்ட்டர் (மூணு மாசக் கணக்கு) முடிஞ்சதுலேர்ந்து ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் வரைக்கும் கம்பெனி ஷேர வாங்கவோ விக்கவோ கூடாது, மச்சானுக்கு டிப்ஸ் குடுக்குறத பத்தி எப்பவுமே நினைக்கக்கூட வேணாம்.

இன்னொண்ணு, எம்.டி போட்டோ வச்ச புது நம்பர்லேர்ந்து "மீட்டிங்ல இருக்கேன், பேச முடியாது, உடனே இந்த அக்கவுன்ட்டுக்கு பணம் அனுப்பு"ன்னு வாட்ஸ்அப் வரும். எவ்ளோ அவசரம்னு சொன்னாலும் சரி, உங்ககிட்ட ஏற்கனவே இருக்கிற நம்பருக்கு போன் போட்டு அவர் குரல்ல கேக்காம எதுவும் நகரக்கூடாது. பணம் போயிடுச்சுன்னா நேரம் கடத்தாம சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. அக்கவுன்ட்ஸ் ஹெட்கிட்டயும் இதே ரூல சொல்லி வச்சிடுங்க, அந்த மெசேஜ் உங்களுக்கு வரலன்னா அடுத்து அவருக்குத்தான் போகும்.