எல்லா சர்வர் லாக்கும் ஒரே இடத்தில்: ஆர்சிஸ்லாக் அமைப்பது எப்படி

பத்து சர்வரில் ஓடும் அப்ளிகேஷனில் ஒரு பிழை வந்தால், பத்திலும் தனித்தனியாக லாகின் செய்து தேடுவது வெட்டிவேலை. பல லினக்ஸ் சர்வர்களில் ஏற்கெனவே இருக்கும், லாக்கை (நிகழ்வுக் குறிப்புகளை) சேகரித்து அனுப்பும் ஆர்சிஸ்லாக் ப்ரோகிராமை வைத்தே எல்லாவற்றையும் ஒரு மைய சர்வருக்குக் கொண்டுவந்துவிடலாம்.

முதலில் டிஸ்க் கணக்கு. ஒரு சர்வர் நொடிக்கு 50 வரி, வரிக்கு 300 பைட் எழுதினால், பத்து சர்வருக்கு நாளொன்றுக்குச் சுமார் 13 ஜிபி; 30 நாளுக்கு 390 ஜிபி. பழைய லாக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் கருவி தினமும் சுருக்கி வைத்தால் பெருமளவு குறையும். எப்படியும் லாக்குக்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுங்கள். ரூட் பார்ட்டிஷன் நிரம்பினால் சர்வரே படுத்துவிடும்.

மைய சர்வரில் டிசிபி (தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் நெறிமுறை) மாட்யூலை ஏற்றி 514 போர்ட்டைத் திறந்து வையுங்கள். ஃபயர்வாலில் உங்கள் சர்வர்களின் ஐபிக்கு மட்டும் அனுமதி. பொது இணையம் வழியாகப் போவதென்றால் 6514 போர்ட்டில் டிஎல்எஸ் (மறையாக்கம்).

அனுப்பும் சர்வரில், மைய முகவரிக்கு முன்னால் ஒரு @ போட்டால் யூடிபி, இரண்டு போட்டால் டிசிபி. யூடிபியில் தொலைந்த வரி தொலைந்ததுதான், யாருக்கும் தெரியாது. இரண்டே போடுங்கள். இந்த வரியை மைய சர்வருக்கும் அப்படியே காப்பி செய்துவிடாதீர்கள்: அது தனக்குத்தானே அனுப்பிக்கொண்டு, டிஸ்க் நிரம்பும்வரை சுற்றும்.

பலரும் கோட்டை விடுவது கியூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிகளின் வரிசை). மைய சர்வர் ஒருநாள் விழத்தான் செய்யும். அப்போது அனுப்பும் பக்கத்தில் கியூ இல்லையென்றால், ஒன்று வரிகள் தூக்கி எறியப்படும்; அல்லது முதன்மைக் கியூ நிரம்பி, லாக் எழுத முயலும் ப்ரோகிராம்கள் காத்துக் கிடக்கும். எஸ்எஸ்ஹெச் லாகின்கூட முடங்கலாம். லாக் சர்வர் விழுந்ததற்கு அப்ளிகேஷன் நிற்கக் கூடாதல்லவா? அனுப்பும் ஆக்‌ஷனுக்கென்று தனியாக லிங்க்டு லிஸ்ட் வகைக் கியூ (தேவைக்கேற்ப நினைவகம் எடுப்பது) வைத்து, அதற்கு ஒரு கோப்புப் பெயர் கொடுங்கள். பெயர் கொடுத்தால்தான் டிஸ்க்கில் இறங்கும். உச்ச அளவு 1 ஜிபி, மறுமுயற்சி எண்ணிக்கை -1 (அதாவது விடாமல்), நிறுத்தும்போது சேமிக்கும் வசதி ஆன்.

நேர வடிவத்தையும் மாற்றியாக வேண்டும். பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 வடிவத்தில் இரண்டும் உண்டு. சர்வர்கள் அனைத்தும் யுடிசியில் (உலகப் பொது நேரம்), கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபியோடு ஓடட்டும். இல்லாவிட்டால் பதில் முதலிலும் கேள்வி பிறகும் வந்ததாக லாக் காட்டும்.

அப்ளிகேஷன் பக்கம்: ஜாவா ஸ்டாக் ட்ரேஸ் (பிழை எங்கே வந்தது என்று காட்டும் பட்டியல்) 40 வரி இருந்தால், அது 40 தனிச் செய்திகளாகச் சிதறும். ஒரு நிகழ்வு, ஒரே வரி ஜேசன் (பெயர்-மதிப்பு ஜோடிகளாக எழுதும் வடிவம்) என்று எழுதுங்கள். உள்ளே ஒரு ரிக்வெஸ்ட் ஐடி இருந்தால் பல சர்வர்களில் ஒரே கோரிக்கையைப் பின்தொடரலாம். ஒரு செய்தியின் இயல்பான உச்ச அளவு 8 கிலோபைட். கூட்டுவதென்றால் இரு பக்கமும், உள்ளமைவுக் கோப்பின் தலையிலேயே, மாட்யூல்களுக்கு முன்னால் எழுத வேண்டும். பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் லாக்கில் வரக் கூடாது.

கடைசியாகச் சோதனை. மைய சர்வரில் ஆர்சிஸ்லாக்கை நிறுத்திவிட்டு, அனுப்பும் சர்வரிலிருந்து, லாக்கில் வரி எழுதும் லாகர் கட்டளையால் 1 முதல் 1000 வரை எண்ணிட்ட வரிகளை அனுப்புங்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப இயக்கி எண்ணிப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு எண் காணவில்லையென்றால், அறுந்த டிசிபி இணைப்பின் பஃபரில் அவை மாட்டிப் போயின. பணப் பரிவர்த்தனை லாக்கில் அதுவும் கூடாதென்றால், ஒவ்வொரு வரிக்கும் ஒப்புகை கேட்கும் ரெல்ப் நெறிமுறைக்கு மாறுங்கள்.